வரும் கோல் வருகிறது, எடுக்கும் கோல் போவதில்லை: கார்ட் பழுதா?

கேள்வி: ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட அலுவலகம். 10 சனல் பிஆர்ஐ லைன் (ஒரே லைனில் பல கோல்கள் ஓடும் டிஜிட்டல் டெலிபோன் இணைப்பு) எடுத்து சிஸ்கோ 2811 ரவுட்டரில் கொடுத்திருக்கிறோம். வரும் கோல் எல்லாம் வருகிறது. வெளியே ஒன்றுகூடப் போகவில்லை. பூட்டித் தந்தவர், ரவுட்டரில் லைன் சொருகும் கார்ட் பழுது, புதிது வாங்க வேண்டும் என்கிறார்.

பதில்: வாங்காதீர்கள். கார்ட் பழுதென்றால் வரும் கோலும் நின்றிருக்கும்.

உங்கள் பிஆர்ஐ வருவது இ1 என்ற வகை லைனில். ஒரு இ1 லைனில் 0 முதல் 31 வரை 32 இடங்கள் (டைம்ஸ்லாட்). 0 ஒத்திசைவுக்கு, 16 சிக்னலுக்கு, மற்ற 30 பேச்சுக்கு. நீங்கள் காசு கட்டுவது 10 இடத்துக்கு. பூட்டியவர் ரவுட்டரில் ‘பிஆர்ஐ-குரூப் டைம்ஸ்லாட்ஸ் 1-31’ என்று முழுவதையும் எழுதியிருப்பார். டெலிபோன் கம்பனியின் எக்ஸ்சேஞ்ச், திறந்துவிட்ட 10 இடத்திலேயே கோலை அனுப்பும், அதனால் வருகிறது. ரவுட்டரோ வழமையாக மேலிருந்து இறங்கும். முதலில் 31ஐக் கேட்கும், எக்ஸ்சேஞ்ச் மறுத்துவிடும். ரவுட்டரில் ‘டிபக் ஐஎஸ்டிஎன் கியூ931’ என்ற கட்டளையைப் போட்டு ஒரு கோல் எடுத்துப் பாருங்கள். காரண எண் 44 (கேட்ட சனல் கிடைக்காது) அல்லது 82 (அப்படி ஒரு சனல் இல்லை) என்று வந்தால் சிக்கல் இதுதான்.

திருத்த, முதலில் வொய்ஸ்-போர்ட்டையும் (பேச்சு போகும் வாசல்) சீரியல் இன்டர்ஃபேஸையும் (சிக்னல் போகும் வாசல்) ஷட்டவுன் செய்து, பழைய பிஆர்ஐ-குரூப்பை ‘நோ’ போட்டு நீக்குங்கள். பிறகு ‘பிஆர்ஐ-குரூப் டைம்ஸ்லாட்ஸ் 1-10,16’ என்று எழுதுங்கள். பழையதை நீக்கும்போது டயல்-பியரில் (எந்தக் கோல் எந்த வழியில் போக வேண்டும் என்ற விதி) இருக்கும் போர்ட் வரியும் சேர்ந்து போய்விடும். அதைத் திரும்ப எழுதி, ‘ரைட் மெமரி’ கொடுங்கள். கரன்ட் போய் வந்தால் சேமிக்காத எதுவும் மிஞ்சாது.

அந்த 16ஐ விடவே கூடாது. 10 சனல்தானே என்று 1-10 மட்டும் எழுதுகிறவர்கள் நிறையப் பேர். எத்தனை சனல் வாங்கினாலும், ஐந்தே ஆனாலும், சிக்னல் 16இல்தான் ஓடும். அது இல்லாவிட்டால் வரும் கோலும் நின்றுவிடும். ஆனால் இன்டர்ஃபேஸின் பெயர் ‘சீரியல் 0/0/0:15’ என்றே வரும். அங்கே எண்ணிக்கை 0இலிருந்து தொடங்குவதால் 16ஆவது இடம் 15 ஆகிறது. 15ஐப் பார்த்துவிட்டு குரூப்பிலும் 15 என்று மாற்றிவிடாதீர்கள்.

திறந்திருப்பது 1 முதல் 10 வரைதானா என்பதை டெலிபோன் கம்பனியிடம் எழுத்தில் கேளுங்கள். சிஆர்சி4 (லைனில் பிழை பார்க்கும் முறை) உண்டா இல்லையா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ஒப்பந்தத்தில் ‘10 சனல்’ என்று மட்டும் எழுதி அனுப்புகிறார்கள். இந்த இரண்டு வரியை அதிலேயே அச்சிடுவதில் என்ன கஷ்டம்? மலைநாட்டு வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் இதற்காகக் கொழும்புக்குப் போன் எடுத்துக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

இனி யார் ‘கார்ட் எரிந்துவிட்டது’ என்றாலும் சோதிக்காமல் காசு கொடுக்காதீர்கள். ஒரு ஆர்ஜே45 பிளக்கில் 1ஆம் பின்னை 4உடனும், 2ஐ 5உடனும் இணைத்துக் கார்டில் சொருகுங்கள். கிளாக் சோர்ஸை (கார்ட் நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்ற அமைப்பு) ‘இன்டர்னல்’ ஆக்குங்கள். ரவுட்டரில் அந்தக் கார்டின் கன்ட்ரோலர் ‘அப்’ என்று காட்டினால் கார்ட் நல்லது. முடிந்ததும் கிளாக்கை ‘லைன்’ என்று திருப்பி வையுங்கள்; மறந்தால் ஸ்லிப் (நேரம் ஒத்துப்போகாத பிழை) ஏறும், பேச்சில் டிக் டிக் என்று கேட்கும், ஃபாக்ஸ் பாதியில் அறுந்துபோகும்.

‘அப்’ ஆகாவிட்டால் மட்டும் புதிது. ஐப்பசி இடிமின்னலில் அதுவும் நடக்கும். அப்போது மலிவென்று தரகர் நீட்டும் ‘விவிக்-1எம்எஃப்டி-டி1’ வேண்டாம். அது 24 இடங்கள் கொண்ட டி1 லைனுக்கு மட்டுமானது. உங்கள் இ1 லைனில் ஓடாது. ‘விவிக்2-1எம்எஃப்டி-டி1/இ1’ என்று கார்டின் மேலேயே எழுதியிருப்பதை வாங்கி, ‘கார்ட் டைப் இ1 0 0’ கொடுத்த பிறகு மற்றதை எழுதத் தொடங்குங்கள்.