முதலாண்டு மாணவர்களின் கேள்விகள்: 140 கிரெடிட்டை எப்படிப் பார்க்க வேண்டும்?

தமிழ்நாட்டில் கலை அறிவியல் கல்லூரிகளில் புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்ட கேள்விகள் இவை. நான் வேதியியல் ஆசிரியை. பல ஆண்டுகள் முதலாண்டு வகுப்புக்குப் பொறுப்பாக இருந்தேன்.

மேடம், டிகிரிக்கு 140 கிரெடிட் என்கிறார்கள். எதில் எவ்வளவு கவனம் தர வேண்டும்? (பி.எஸ்சி. இயற்பியல்)

கிரெடிட் என்பது ஒவ்வொரு பாடத்துக்கும் தரும் மதிப்புப் புள்ளி. ஆறு செமஸ்டரும் ஐந்து பகுதிகளாகப் பிரிந்து வரும். பகுதி 1 தமிழ் அல்லது வேறு மொழி, பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3 மேஜர் (முதன்மைப் பாடம்), அலைடு (துணைப் பாடம்), எலக்டிவ் (விருப்பப் பாடம்). பகுதி 4இல் சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி, திறன் பாடங்கள், என்.எம்.இ. (மேஜர் அல்லாத வேறு துறையின் விருப்பப் பாடம்) எல்லாம் அடங்கும். பகுதி 5 என்பது என்.எஸ்.எஸ்., என்.சி.சி. போன்ற விரிவாக்கப் பணி, பெரும்பாலும் ஒரே ஒரு கிரெடிட்.

எல்லாரும் பகுதி 3ஐ மட்டும் படிக்கிறார்கள். என் மாணவி ஒருத்தி எம்.எஸ்சி. இடம் கிடைத்த பிறகு மார்க் ஷீட்டுகளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். மேஜரில் எல்லாமே எழுபதுக்கு மேல். இரண்டாம் செமஸ்டர் தாளில் கடைசி வரியைத் தொட்டுக் காட்டினாள்: சுற்றுச்சூழல் கல்வி, 38. பாஸ் மார்க் 40. "சின்னப் பேப்பர்தானே, அப்புறம் எழுதிக்கலாம்னு விட்டுட்டேன் மேடம்" என்றாள். அந்த இரண்டு மார்க்கால் டிகிரி வரவில்லை, ஓர் ஆண்டு போய்விட்டது. சின்னப் பேப்பர் என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு ரிசல்ட்டுக்குப் பிறகும் ஐந்து பகுதிகளையும் ஒரு நோட்டில் எழுதி, முடித்ததை டிக் செய்யுங்கள்.

எத்தனை நாள் லீவு போடலாம்?

75 சதவீத வருகை வேண்டும். செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்றால் 22 நாள் வரை லீவு போடலாம். வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போனால் மருத்துவச் சான்று, கண்டோனேஷன் (வருகைக் குறைவை மன்னிப்பதற்கான) கட்டணம் என்று அலைய வேண்டும்.

வேதியியல் மேஜர் எடுத்திருக்கிறேன். பின்னால் எம்.சி.ஏ. போக முடியுமா?

நல்ல கேள்வி. எம்.சி.ஏ.வுக்குப் பிளஸ் டூவிலோ டிகிரியிலோ கணிதம் படித்திருக்க வேண்டும். பிளஸ் டூவில் உயிரியல் பிரிவில் கணிதம் இல்லாமல் வந்தவர் என்றால், அலைடு கணிதம்தான் உங்களுக்கு வழி. அலைடைத் தேர்ந்தெடுக்க உங்கள் கல்லூரி விடுகிறதா என்று இந்த வாரமே துறைத்தலைவரிடம் கேளுங்கள். வகுப்பு தொடங்கிவிட்டால் மாற்றித் தர மாட்டார்கள். மேற்படிப்பில் எதற்குப் போகப் போகிறீர்கள் என்று பார்த்துத்தான் அலைடு எடுக்க வேண்டும்.

என்.சி.சி. கேம்ப் போனால் வருகை குறையுமா?

ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதத்தைத் துறையில் கொடுங்கள். மற்றதை மேலே சொல்லிவிட்டேன்.

பகுதி 1இல் பிரெஞ்சு எடுத்தால் மார்க் அள்ளலாம் என்கிறார் அண்ணன். பன்னிரண்டு வரை தமிழ்தான் படித்தேன்.

மார்க்குக்காக மாறாதீர்கள், தம்பி. மேஜருக்கான வகுப்பை (முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்பதை) பகுதி 3ஐ வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். அதில் பிரெஞ்சு மார்க் சேராது. பன்னிரண்டு வரை தமிழ் படித்துவிட்டு இப்போது வேறு மொழி எடுத்தால், பகுதி 4இல் என்.எம்.இ.க்குப் பதிலாகச் சிறப்புத் தமிழ் எழுத வேண்டியிருக்கும். இன்னொன்று: 2021 டிசம்பர் அரசாணைக்குப் பிறகு அரசு வேலைத் தேர்வுகளில் தமிழ்த் தாளில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்றத் தாளைத் திருத்தவே மாட்டார்கள்.

இன்னொரு மொழி கற்பது தவறா மேடம்? வேதியியல் படிப்பவனுக்குச் சங்கப் பாடல் எதற்கு?

மொழிக்காகப் பிரெஞ்சு எடுப்பவரை நான் தடுக்கவில்லை, மனதார வாழ்த்துகிறேன். இரண்டாவது கேள்விதான் எனக்கு வருத்தம் தருகிறது. செம்மண்ணில் பெய்த மழைநீர் மண்ணோடு கலந்து ஒரே நிறமாவதைக் காதலர் நெஞ்சோடு ஒப்பிடும் சங்கப் பாடலைத் தமிழ் வகுப்பில் கேட்டுவிட்டு, என் லேபுக்கு ஒரு பையன் ஓடிவந்தான். "அந்தச் சிவப்புக்கு இரும்பு ஆக்சைடுதானே மேடம் காரணம்?" என்றான். டைட்ரேஷனை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் மண்ணைப் பற்றியே பேசினோம். அவனுக்கு அந்தப் பாடல் வேதியியலுக்கு வெளியே இருக்கவில்லை.

அதெல்லாம் நல்ல ஆசிரியர் கிடைத்தால்தான். எங்களுக்கு நோட்ஸ் மட்டுமே.

உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் பாடத்திட்டத்தில் உள்ள பாடலை நூலகத்தில் உரையோடு எடுத்து நீங்களே படியுங்கள். அதற்காக மொழியை மாற்ற வேண்டாம்.

புதுப் பெயரில் ஒரு பி.எஸ்சி. இருக்கிறது. ஆசிரியர் வேலைக்குப் போகலாமா?

சேர்வதற்கு முன்னால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: அந்தப் பட்டம் எந்தப் பாடத்துக்கு இணை என்று அரசாணை இருக்கிறதா? எண்ணையும் தேதியையும் எழுதி வாங்குங்கள். "சமம்தான், கவலைப்படாதீங்க" என்று வாயால் சொல்வதை ஏற்காதீர்கள். தேர்வில் ஜெயித்து, சான்றிதழ் சரிபார்ப்பில் வெளியே வந்தவர்கள் என்னிடம் அழுதிருக்கிறார்கள். பாடத்திட்டப் பிரதியையும் பத்திரமாக வையுங்கள்.

75 சதவீதம் ஒவ்வொரு பாடத்துக்குமா, மொத்தத்துக்கா?

கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். விதிமுறைப் புத்தகத்தில் இருக்கும், பாருங்கள். வருகைப்பதிவு பற்றி இனி பதில் எழுத மாட்டேன்.

பி.இ. ஹானர்ஸ் பற்றி?

அது என் துறை இல்லை. உங்கள் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் கேளுங்கள்.

அலைடு கணிதம் கேட்டது நான்தான் மேடம். திங்கட்கிழமை கேட்டால் போதுமா?

வேண்டாம்மா, நாளைக்கே போ.