யானைச் சீல் பார்க்க ஜூலையில் போகலாமா?

கேள்வி: மகன் சான் ஹோசேயில் வேலை பார்க்கிறான். ஜூலையில் போகிறோம். கலிபோர்னியா கடலோரமாகக் காரில் கூட்டிப் போகிறேன் என்கிறான். எனக்கு விலங்குகளைப் பார்க்கத்தான் ஆசை. கோடையில் ஏதாவது கண்ணில் படுமா? (வாசகி, திருச்சி)

பதில்: நிறையவே படும், தைரியமாகக் கிளம்புங்கள். மான்டெரேயில் ஆரம்பித்து, பிக் சர் என்ற மலைக் கடலோரம் வழியாக, சான் சிமியன் வரை தெற்குப் பக்கமாக வாருங்கள். அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுவதால் கடல் உங்கள் பக்கமே வரும், எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கிடாமல் ஓரமாக நிறுத்திக்கொள்ளலாம். கார்மலில் இருந்து சான் சிமியன் ஏறக்குறைய 145 கி.மீ.தான், ஆனால் முழுக்க மலை வளைவு, அதனால் ஒரே மூச்சில் ஓட்டச் சொல்லாதீர்கள், நடுவில் ஓர் இரவு தங்குங்கள்.

மான்டெரேக்குக் கொஞ்சம் வடக்கே மாஸ் லேண்டிங்கில் கடல் நீர்நாய்களைக் கரையில் நின்றே பார்க்கலாம். மல்லாந்து மிதந்தபடி வயிற்றில் கல்லை வைத்துச் சிப்பியை அடித்து உடைக்கும். ரோமத்துக்காக இவற்றைக் கொன்று குவித்தார்கள், கலிபோர்னியாவில் இனமே போய்விட்டது என்றுகூட நினைத்திருந்தார்கள். 1938-ல் பிக்ஸ்பி ஓடை கடலில் சேரும் இடத்தில் ஒரு சிறு கூட்டம் தென்பட்டது. அங்கே உள்ள பாலத்தைப் படமெடுக்க எல்லோரும் நிற்பார்கள், நீங்கள் கீழே தண்ணீரையும் ஒருமுறை பாருங்கள்.

யானைச் சீல் என்ற பிரம்மாண்டமான கடல் விலங்குகள் இருப்பது சான் சிமியனுக்கு வடக்கே, பியட்ராஸ் பிளாங்காஸில். கட்டணம் இல்லை, வண்டியை விட்டு இறங்கினாலே மரப்பாதை, அதன் கீழே மணலில் அவை கிடக்கும். ஜூலையில் வளர்ந்த ஆண்கள் தோல் உரிக்க வருகிற காலம். இரண்டு டன் எடை, மேல் தோல் திட்டுத்திட்டாகப் பிய்ந்து தொங்கும், நோய் என்று பதறிவிடாதீர்கள். குட்டிகளைப் பார்க்க ஆசை என்றால் ஜனவரி, பிப்ரவரியில்தான் போக வேண்டும். எண்ணெய்க்காக வேட்டையாடி ஏறக்குறைய அழிக்கப்பட்ட இனம் இது, இந்தக் கரைக்கே 1990-ல்தான் வந்தது. அதனால் வேலியைத் தாண்டிப் படமெடுக்கும் ஆட்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், சட்டப்படியும் தவறு.

அப்புறம், சான் சிமியன் புல்வெளியில் வரிக்குதிரை தெரிந்தால் கண்ணைக் கசக்க வேண்டாம். ஹர்ஸ்ட் என்ற பத்திரிகை முதலாளி ஒரு காலத்தில் வைத்திருந்த விலங்குக் காட்சிசாலையின் வாரிசுகள் அவை.

கேள்வி: பிக் சரில் காண்டார் கழுகை அடையாளம் காண்பது எப்படி? (வாசகர், கோவை)

பதில்: அங்கே டர்க்கி வல்ச்சர் என்ற பிணந்தின்னிக் கழுகு ஏராளம், அதைப் பார்த்து ஏமாறுவது சகஜம். அது பறக்கும்போது இப்படியும் அப்படியும் ஆடும், காண்டார் ஆடாமல் நேராக மிதக்கும். இறக்கையின் அடியில் முன்பக்கம் வெள்ளை இருந்தால் காண்டார். விரித்தால் ஒன்பது அடிக்கு மேல். இறக்கையில் எண் அட்டையும் இருக்கும், ஏனென்றால் 1987-ல் காட்டில் மிஞ்சிய கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டில் இனப்பெருக்கம் செய்துதான் மறுபடி வெளியே விட்டார்கள். இன்றும் வேட்டைக் குண்டின் ஈயம் இரையோடு சேர்ந்து உள்ளே போய் அவற்றைக் கொல்கிறது.

கேள்வி: கோடைதானே, ஸ்வெட்டர் தேவையா? (வாசகி, சேலம்)

பதில்: கட்டாயம். கோடையில்தான் அங்கே கடல் மூடுபனி அதிகம், காலையில் எதுவுமே தெரியாது, மதியம் விலகும். பெட்ரோலை மான்டெரேயிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், போனில் வரைபடத்தையும் இறக்கி வையுங்கள், சிக்னல் கிடைக்காது. மண் சரிந்து சாலை மூடிக்கிடப்பது அங்கே வழக்கம், அதனால் கிளம்பும் முன் கால்ட்ரான்ஸ் என்ற கலிபோர்னியா போக்குவரத்துத் துறையின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள்.