தெமோதரை வளையமும் பத்துக்குப் பத்தும்

அன்புள்ள ஐயா,
ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். 1, 3, 5 என்று 19 வரை கூட்டச் சொன்னேன். ஒரு பிள்ளை சூத்திரமே எழுதாமல், பொட்டுப் பொட்டாகப் படம் போட்டு 100 என்று எழுதியிருந்தாள். விடை சரி, முறை இல்லை. பூச்சியம் போட்டேன். கணக்கில் கற்பனைக்கு என்ன வேலை? சாதாரண தரப் பரீட்சைக்கு நல்ல பயிற்சி நூல்கள் இருந்தாலும் சொல்லுங்கள்.
ஓர் ஆசிரியர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பயிற்சி நூல்கள் கடை நிறையக் கிடக்கின்றன, அதை விடுங்கள். அந்தப் பொட்டுகளை நானும் போட்டுப் பார்த்தேன். மூலையில் ஒன்று. அதை அணைத்து மூன்று வைத்தால் இரண்டுக்கு இரண்டு சதுரம். அடுத்து ஐந்து, மூன்றுக்கு மூன்று. கடைசியில் 19 வைத்ததும் பத்துக்குப் பத்து. முறை இல்லை என்கிறீர்களே, முறை என்பது வேறு என்ன? உங்கள் கூட்டல் விருத்திச் சூத்திரம் 100 என்று மட்டும் சொல்லும். ஏன் 100 என்பதை அவள் கண்முன்னே காட்டிவிட்டாள். பூச்சியம் போட எப்படி மனம் வந்தது?

என் அப்பா ரயில் பாதையில் வேலை செய்தவர். ஏழு வயதில் என்னைத் தெமோதரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். பதுளை ரயில் எங்கள் முன்னால் புறப்பட்டு, மலையைச் சுற்றிப்போய், நாங்கள் நின்ற ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழைந்தது. நான் வாயைப் பிளந்து நின்றேன். அப்பா தோள் துண்டை எடுத்து, கையில் ஒரு சுற்றுச் சுற்றி, முனையை அடியால் இழுத்துக் காட்டினார். 44 அடி ஓடினால் ஓர் அடிக்கு மேல் பாதை இறங்கக்கூடாது, மலையோ அதைவிடச் சரிவு என்றார். ஒரு கங்காணி தலைப்பாகை கட்டியதைப் பார்த்துத்தான் இந்த யோசனை பிறந்தது என்று ஊரில் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, பாதை தனக்கு அடியிலேயே போகலாம் என்று முதலில் ஒருவர் மனதில் பார்த்திருக்க வேண்டும். அளந்தது அப்புறம்.

இத்தாலியில் சதுப்பு நிலம் வடித்த பொறியியலாளர் பொம்பெல்லியும் அப்படித்தான். 4-இன் கனம் 64. 4-ஐ 15-ஆல் பெருக்கி இன்னொரு 4 கூட்டினாலும் 64. அந்த 4-ஐத் தெரியாத எண்ணாக வைத்து, கனச் சமன்பாட்டுச் சூத்திரத்தால் தேடினால் நடுவில் மறை 121-இன் வர்க்கமூலம் வந்து மறிக்கும். எந்தச் சாதாரண எண்ணைத் தன்னாலேயே பெருக்கினாலும் மறை வராதே. அப்படியும் ஓர் எண் இருக்கட்டும் என்று உள்ளே நுழைந்து, மறுபக்கம் 4-ஆக வெளியே வந்தார். 1572-இல் அச்சான அவருடைய நூலில் இது இருக்கிறது. கற்பனை எண் என்று நீங்களும் படித்ததுதானே, சேர்!

அந்தத் தாளைக் கசக்கி எறியாமல் எனக்கு இவ்வளவு விவரமாக எழுதினீர்கள். அதனால்தான் உரிமையோடு ஏசுகிறேன். நாளைக்கே முழுப் புள்ளியும் போட்டுக் கொடுங்கள். கரும்பலகையில் அவளையே வரையவிடுங்கள். பிறகு 2, 4, 6 என்று 20 வரை கேளுங்கள். இந்தமுறை சதுரம் வராது. அவள் என்ன வரைகிறாள் என்று எனக்கு எழுதுங்கள்.