அலுமினிய மவுண்டன் பைக் ஃபிரேமை எப்படி வடிவமைத்துச் செய்கிறார்கள்? விரிசல் விட்டால் ஆர்கான் வெல்டிங் வைத்து ஓட்டலாமா?

எண்ணூர் விரைவுச் சாலையில் தினமும் ஓட்டும் சைக்கிளில், சீட் டியூபும் (சீட்டைத் தாங்கும் செங்குத்துக் குழாய்) டாப் டியூபும் (மேலே குறுக்காக ஓடும் குழாய்) சேரும் இடத்துக்குப் பக்கத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரிகிறது என்றும், லேத் பட்டறையில் ஆர்கான் வெல்டிங் வைத்தால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இப்படிப்பட்ட ஃபிரேம் எப்படித்தான் செய்யப்படுகிறது என்பது உங்கள் இன்னொரு கேள்வி. வியாசர்பாடி தொழிற்பேட்டையில், அலுமினியத் தொட்டிகளையும் குழாய்களையும் பற்றவைக்கும் பட்டறை ஒன்றில் நான் வேலை செய்கிறேன். விடுமுறை நாட்களில் மவுண்டன் பைக்கில் பழவேற்காடு பக்கம் போகிற பழக்கமும் உண்டு. முதல் கேள்விக்கு என் பதில், வெல்டிங் வைத்து ஓட்ட வேண்டாம் என்பதே. அதற்கான காரணம் இரண்டாம் கேள்வியின் பதிலுக்குள் இருக்கிறது என்பதால் அதை முதலில் சொல்கிறேன்.

அலுமினியத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், எஃகுக்கு ஏறத்தாழ 7.8. எடை மூன்றில் ஒரு பங்காகக் குறைவது உண்மைதான், ஆனால் வளையாமல் நிற்கும் விறைப்பும் அதே அளவுக்குக் குறைந்துவிடுகிறது. எஃகுக்குச் சுமார் 200 ஜிகா பாஸ்கல் என்றால் அலுமினியத்துக்கு 69தான். ஆகவே பழைய எஃகு சைக்கிளின் குழாய் அளவிலேயே அலுமினியத்தில் ஒரு ஃபிரேம் செய்தால், அது லேசாக இருக்கும், ஆனால் மிதிக்கும்போதெல்லாம் நெளியும். இதற்கு வழி, குழாயின் விட்டத்தைக் கூட்டுவது. மெல்லிய சுவருள்ள குழாயின் விறைப்பு விட்டத்தின் முப்படிக்கு ஏற்ப ஏறுகிறது, எடையோ விட்டத்துக்கு நேர் விகிதத்தில் மட்டுமே ஏறுகிறது. விட்டத்தை இரு மடங்காக்கிச் சுவரின் தடிமனைப் பாதியாக்கினால், எடை மாறாமலே விறைப்பு நான்கு மடங்காகும். பழைய எஃகு சைக்கிள்களில் டவுன் டியூப் (முன்பக்கத்திலிருந்து பெடல் பக்கம் சாய்ந்து இறங்கும் குழாய்) 28.6 மில்லிமீட்டராக இருந்ததும், இன்றைய அலுமினிய மவுண்டன் பைக்கில் அது 50 மில்லிமீட்டரை ஒட்டி இருப்பதும் இதனால்தான். 1970களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்த கேரி க்ளைன் இந்தப் பருத்த குழாய் வழியை வளர்த்தெடுத்தார். 1983இல் கேனன்டேல் நிறுவனம் அலுமினிய சைக்கிளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆனால் சுவரை எவ்வளவு வேண்டுமானாலும் மெலிய வைக்க முடியாது. ஓர் எல்லைக்கு மேல் ஒரு கல் தெறித்தாலே குழாய் ஒடுங்கிவிடும்.

விறைப்பைவிடப் பெரிய சிக்கல், உலோகச் சோர்வு. எஃகில் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சுமை இருந்தால், அதை எத்தனை கோடி முறை ஏற்றி இறக்கினாலும் விரிசல் தோன்றாது. அலுமினியத்தில் அப்படிப்பட்ட பாதுகாப்பான அடிவரம்பு கிடையாது. சிறிய சுமையும் எண்ணிக்கை சேரச் சேர உலோகத்தைக் களைக்கச் செய்யும். எனவே வடிவமைப்பாளர், எந்த இடத்திலும் தகைவு (உலோகத்தின் ஒவ்வொரு பரப்பளவும் தாங்கும் விசை) உயராதபடி ஃபிரேமைத் தேவைக்கு மேல் விறைப்பாகவே அமைக்கிறார். அலுமினிய ஃபிரேம் முரட்டுத்தனமாக இருக்கிறது என்று ஓட்டுபவர்கள் சொல்வதில் பாதிக்கு மேல் இந்த முன்னெச்சரிக்கையின் விளைவு என்பது என் கருத்து. ஹெட் டியூபும் (ஹேண்டில்பாரும் ஃபோர்க்கும் இணையும் முன்குழாய்) டவுன் டியூபும் சேரும் மூலைதான் கடுமையாக உழைக்கும் இடம். முன்சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் மோதும்போது அதைப் பிடித்திருக்கும் ஃபோர்க் பின்னால் தள்ளப்பட்டு, டவுன் டியூபின் முன்முனை நசுக்கப்படுகிறது. உயரத்திலிருந்து குதித்து இறங்கும்போது ஃபோர்க் முன்னால் விரிந்து, அதே இடம் இழுக்கப்படுகிறது. நசுக்கலும் இழுப்பும் மாறி மாறி வருவதே சோர்வை விரைவுபடுத்துகிறது. இந்த மூலைக்குக் கீழே முன்பு ஒரு தாங்கு தகட்டைப் பற்றவைத்தார்கள். இப்போது குழாயையே அந்த இடத்தில் அகலமாக வடிவமைத்துவிடுகிறார்கள்.

குழாய் தயாராகும் விதம் இது. பெரும்பாலும் 6061 அல்லது 7005 என்ற கலவையே பயன்படுகிறது. முதலாவதில் மக்னீசியமும் சிலிக்கானும், இரண்டாவதில் துத்தநாகமும் மக்னீசியமும் முக்கியக் கலப்புகள். குழாய்க்குள் ஒரு கம்பத்தை நுழைத்து அச்சு வழியே இழுத்து, முனைகளில் தடிப்பாகவும் நடுவில் மெலிதாகவும் சுவரை அமைக்கிறார்கள். சுமையும் வெல்டிங்கும் முனைகளில்தான் என்பதால் உலோகமும் அங்கேதான் வேண்டும். எங்கள் பட்டறைக்கு வந்த உடைந்த டவுன் டியூப் ஒன்றை நீளவாக்கில் அறுத்துக் காலிப்பரில் அளந்தபோது, முனையில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டரும் நடுவில் 1.2 மில்லிமீட்டரும் காட்டியது. கையால் தடவினால் அந்த மாற்றம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. வளைந்தும் சதுரமாகவும் மாறும் குழாய்களுக்கு ஹைட்ரோஃபார்மிங் முறை பயன்படுகிறது. இளக்கிய குழாயை எஃகு அச்சுக்குள் பூட்டி, முனைகளை அடைத்து, உள்ளே திரவத்தை மிகுந்த அழுத்தத்தில் செலுத்தினால், குழாய் விரிந்து அச்சின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும்.

பிறகு குழாய் முனைகளை, ஒன்றன்மேல் ஒன்று இடைவெளியில்லாமல் பொருந்தும்படி வளைவாக வெட்டி, ஜிக்கில் (குழாய்களை அசையாமல் பிடிக்கும் சட்டம்) பூட்டிப் பற்றவைக்கிறார்கள். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகுகிறது, அதன் மேலுள்ள ஆக்சைடு படலமோ 2,000 டிகிரிக்கும் மேல்தான் உருகும். அந்தப் படலத்தை உடைப்பதற்காகவே ஆர்கான் வெல்டிங்கில் ஏ.சி. மின்னோட்டத்தை வைக்கிறோம். ஈரம் இன்னொரு எதிரி. மழைக்காலத்தில் கடற்காற்று படும் எங்கள் பட்டறையில், வெல்டில் உருக்கிச் சேர்க்கும் ஃபில்லர் ராடைத் துடைத்து உலர்த்தாமல் தொட்டால் வெல்டுக்குள் நுண்ணிய காற்றுத் துளைகள் விழும். நல்ல கையால் வைத்த வெல்டு, மீன் செதில் அடுக்கியது போலச் சீராக இருக்கும். வெல்டே தெரியாத வழவழப்பான ஃபிரேம்களைப் பலர் விரும்புகிறார்கள். என்னைப் பொறுத்தவரை செதில் தெரிவது நல்லது, ஏனென்றால் செய்தவரின் வேலையைக் கண்ணால் பார்க்க முடிகிறது.

உங்கள் கேள்விக்குப் பதில் இனிமேல் வருவதில்தான் இருக்கிறது. கடினப்படுத்தப்பட்ட 6061 கலவை அறுந்துபோகச் சுமார் 310 மெகா பாஸ்கல் இழுவிசை தேவை. வெல்டிங் சூடு பட்டதும் அதை ஒட்டிய உலோகம் இளகி, அந்த எண் 165 அளவுக்கு இறங்கிவிடுகிறது. வெல்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதன் இருபுறமும் உள்ள பட்டை பாதி வலிமைதான் கொண்டிருக்கும். அதனால்தான் தொழிற்சாலையில் வெல்டிங் முடிந்த முழு ஃபிரேமையும் உலைக்குள் ஏற்றி, சுமார் 530 டிகிரியில் வைக்கிறார்கள். அந்தச் சூட்டில் மக்னீசியமும் சிலிக்கானும் அலுமினியத்துக்குள் கரைந்துவிடும். உடனே நீரில் அமிழ்த்தினால் அவை பிரிந்து வர நேரமில்லாமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். இந்தத் திடீர்க் குளிர்ச்சியில் ஃபிரேம் கோணிக்கொள்ளும் என்பதால், உலோகம் இன்னும் மென்மையாக இருக்கும் சில மணி நேரத்துக்குள் அதை மேசையில் பூட்டி, நெம்புகோலால் நேராக்கிவிட வேண்டும். அதன்பின் 175 டிகிரியை ஒட்டிய சூட்டில் பல மணி நேரம் வைத்தால், சிக்கியிருந்தவை மிக நுண்ணிய துகள்களாகப் பிரிந்து, உலோக அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காதபடி தடுக்கும். ஃபிரேமுக்கு வலிமை பிறப்பது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். 7005 கலவைக்கு 530 டிகிரி உலையும் நீரும் தேவைப்படாது. வெல்டிங்குக்குப் பின் மிதமான சூட்டில் பதப்படுத்தினால் போதும் என்பதால் பல தொழிற்சாலைகள் அதை விரும்புகின்றன.

அதற்குப் பிறகு பெடல் அச்சு பொருந்தும் பாட்டம் பிராக்கெட்டில் மரை வெட்டுவது, ஹெட் டியூபின் வாயைச் சமப்படுத்துவது, டிஸ்க் பிரேக் பொருந்தும் முகத்தைக் கடைவது, பெயிண்ட் அடிப்பது எல்லாம் நடக்கும். மாதிரி ஃபிரேம்களை சைக்கிள் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 4210 என்ற சர்வதேசத் தரத்தின்படி சோதிக்கிறார்கள்: மவுண்டன் பைக் ஃபிரேமில் மிதிக்கும் விசையாக 1,200 நியூட்டனை 1,00,000 முறை ஏற்றி இறக்குவார்கள், ஒரு விரிசலும் வரக் கூடாது.

இப்போது உங்கள் கோட்டுக்கு வருகிறேன். அது பெயிண்ட் கீறலா விரிசலா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் தெருவில் இருக்கும் ஒரு தம்பி, "பெயிண்ட்தான் விட்டிருக்கு அண்ணா" என்று சொல்லித் தன் ஃபிரேமைக் கொண்டு வந்தபோது, அந்த இடத்தின் பெயிண்ட்டை நீக்கி, மணலி ஆலைகளில் குழாய்களைச் சோதிக்கப் பயன்படுத்தும் டை பெனட்ரன்ட்டை (விரிசலுக்குள் ஊறும் சிவப்பு மை) அடித்தோம். சிவப்பு மையைத் துடைத்துவிட்டு வெள்ளை டெவலப்பரைத் தெளித்துக் காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கோடு மேலே கசிந்து வந்தது. அது வெல்டின் மேல் வரவில்லை, வெல்டு முடியும் ஓரத்தை ஒட்டியே ஓடியது. மேலே சொன்ன இளகும் பட்டை அதுதான். அதன்மேல் திரும்பவும் வெல்டு வைத்தால், உலையில் திரும்பப் பெற்ற வலிமை அந்த இடத்தில் மறுபடி போய்விடும். முழு ஃபிரேமையும் ஜிக்கோடு 530 டிகிரியில் வைக்கும் வசதி எந்த லேத் பட்டறையிலும் கிடையாது. ஃபிரேம் எந்தக் கலவை என்பதும் பெரும்பாலும் தெரியாது, தெரியாமல் சரியான ஃபில்லர் ராடைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது. பள்ளமும் கன்டெய்னர் லாரியும் நிறைந்த அந்தச் சாலையில் சீட் டியூப் அறுந்தால் என்ன ஆகும் என்பதை நினைத்தே இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன்.

சீட் போஸ்ட்டை (சீட்டைத் தாங்கி சீட் டியூபுக்குள் இறங்கும் கம்பம்) வெளியே எடுத்து, அதில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்கோடு குழாய்க்குள் இறங்கியிருந்ததா என்று பாருங்கள். அந்தக் கோடு வெளியே தெரியும்படி உயர்த்தி ஓட்டினால் சரியாக இந்த இடத்தில்தான் விரிசல் வரும். கோடு உள்ளே இருந்தும் விரிசல் வந்திருந்தால், பில்லோடும் படத்தோடும் வாங்கிய கடைக்கே போங்கள். பல நிறுவனங்கள் ஃபிரேமுக்கு மற்ற பாகங்களைவிட நீண்ட வாரன்டி கொடுக்கின்றன. கடையில் காட்டுவதற்கு முன் பெயிண்ட்டைச் சுரண்டாதீர்கள், அதையே காரணம் காட்டி வாரன்டியை மறுக்கலாம். புது ஃபிரேம் கிடைத்தால், சீட் போஸ்ட்டில் கிரீஸ் தடவி ஏற்றுங்கள். நம் பக்கத்து உப்புக் காற்றில் தடவாமல் விட்டால், போஸ்ட் குழாயோடு இறுகி வெளியே வரவே வராது.