சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸ்: மகளின் உயரத்தை அளந்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

கேள்வி: நாங்கள் கோபிசெட்டிபாளையம் பக்கம். நான், கணவர், 12 வயது மகன், 5 வயது மகள், 66 வயது மாமியார் என்று ஐந்து பேர், வரும் மே மாத விடுமுறையில் சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போக ஆசைப்படுகிறோம். யாரும் இதுவரை வெளிநாடு போனதில்லை. மகனுக்கு மட்டும் ஏழு வயதிலேயே பாஸ்போர்ட் எடுத்து வைத்திருக்கிறோம். ஈரோட்டில் விசாரித்த ஏஜென்ட், "ஒரு நாள் பத்தாதுங்க, ரெண்டு நாள் டிக்கெட் போட்டுக்கலாம். பூங்கா இருக்கிற ரிசார்ட்டுக்குள்ளயே தங்கிருங்க. வரிசையில சீக்கிரம் போக எக்ஸ்பிரஸ் பாஸுன்னு இருக்கு, அஞ்சு பேருக்கும் அதை எடுத்தாத்தான் ரைடு எல்லாம் ஏற முடியுங்க" என்கிறார். சிங்கப்பூரில் இறங்குமுன் நிரப்ப வேண்டிய அரைவல் கார்டுக்கு மட்டும் ஆளுக்கு 1,500 ரூபாய் தனியாகக் கேட்கிறார். மாமியாருக்கு முட்டி வலி வேறு. அவரைக் கூட்டிப் போகலாமா? இந்தப் பேக்கேஜை எடுக்கலாமா?

பதில்: மாமியாரைக் கூட்டிப் போங்கள். பேக்கேஜை எடுக்காதீர்கள். ஏஜென்ட்டிடம் நீங்கள் வாங்க வேண்டியது விசா ஒன்றுதான். மற்றதெல்லாம் வீட்டில் உட்கார்ந்து நீங்களே செய்துகொள்ளக்கூடியவை. கோவையிலிருந்து குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு போய்வரும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். பணம் எங்கே கரைகிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் மகளின் உயரத்தை அளந்துவிடுங்கள். வாசல் நிலையை ஒட்டி, செருப்பில்லாமல், குதிகால் நிலையில் படும்படி நிற்க வையுங்கள். தலைமேல் அட்டை போட்ட நோட்டை மட்டமாக வைத்துப் பென்சிலால் ஒரு கோடு. கொண்டை, கிளிப் எதையும் சேர்க்காதீர்கள். தொய்ந்துபோகிற தையல் டேப் வேண்டாம், ஆசாரி வைத்திருக்கும் இரும்பு டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் எந்தப் பாஸ் வாங்க வேண்டும் என்பதை அந்த எண்தான் சொல்லும்.

அங்கே ஒவ்வொரு ரைடுக்கும் ஓர் உயரக் கணக்கு உண்டு. சிவப்பும் நீலமுமாக இரண்டு தண்டவாளங்கள் பின்னிக்கொண்டு ஓடும் பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவுக்கு 125 செ.மீ. வேண்டும். இருட்டுக்குள் பாய்கிற மம்மி ரைடுக்கு 122. ஜுராசிக் பார்க்கின் தண்ணீர்ச் சவாரிக்கு 107. டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கும் மினியன் ரைடுக்கும் 102. புஸ் இன் பூட்ஸுக்கு 100. எல்லாவற்றிலும் குறைந்தது கேனபி ஃப்ளையர், என்சான்டட் ஏர்வேஸ் இரண்டும்தான், 92 போதும். 122-க்குக் கீழே உள்ள பிள்ளை எதில் ஏறினாலும் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

ஐந்து வயதுப் பெண் குழந்தை பெரும்பாலும் 105-ஐ ஒட்டித்தான் இருக்கும். அப்படியென்றால் பெரிய கோஸ்டர் இரண்டும் அவளுக்கு இல்லை, ஜுராசிக்கும் சந்தேகம். ஆனாலும் பிள்ளைகள் ஆசைப்படுகிற மஞ்சள் கார்ட்டூன் பொம்மைகளான மினியன்களின் ரைடு அவளுக்கு உண்டு, அவள் வயதுக்கு அது தாராளம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. காங்கயத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு அவர்களின் ஏஜென்ட், பிள்ளையின் உயரத்தைக் கேட்கவே கேட்காமல் எல்லோருக்கும் எக்ஸ்பிரஸ் போட்டுக் கொடுத்திருந்தார். மம்மி ரைடின் வாசலில் அளவுக்கம்பம் நிற்கும். பிள்ளை அதன் கீழே போய் நின்றாள். கம்பத்துக்கும் உச்சந்தலைக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி தெரிந்தது. ஊழியப் பெண் குனிந்து பார்த்துவிட்டு, சிரித்த முகமாகவே முடியாது என்று தலையசைத்தார். பிள்ளை நுனிக்காலில் எம்பியும் நடக்கவில்லை. அப்பா தகராறு செய்து பார்த்தார். அங்கே அதற்கெல்லாம் இடமே கிடையாது. கட்டிய பணமும் திரும்பவில்லை.

எக்ஸ்பிரஸ் பாஸ் என்பது நுழைவுச் சீட்டு அல்ல. நுழைவுச் சீட்டுக்கு மேலே தனியாக வாங்குவது. சாதா எக்ஸ்பிரஸ் என்றால் ஒரு ரைடுக்கு ஒரு முறைதான், அதுவும் அந்தத் திட்டத்தில் சேர்ந்த ரைடுகளுக்கு மட்டும். விலை நாளுக்கு நாள் மாறும். ஐந்து பேருக்கும் போடு என்பது அநியாயம். மாமியார் எதிலும் ஏறப்போவதில்லை. மகள் பெரியவற்றில் ஏற முடியாது. உங்களில் ஒருவர் எப்போதும் அவள் கூடவே இருக்கப் போகிறீர்கள். மிஞ்சுவது கணவரும் மகனும்தான். அவர்களுக்குச் 'சிங்கிள் ரைடர்' என்று தனி ஆள் வரிசை இருக்கிறது. வண்டியில் காலியாகிற ஒற்றை இருக்கைகளை அதில் வருகிறவர்களைக் கொண்டு நிரப்புவார்கள். பக்கத்துப் பக்கத்தில் உட்கார முடியாது, அவ்வளவே. வரிசை வேகமாக நகரும், கூடுதல் காசும் இல்லை. நீங்களும் கணவரும் ஒரே ரைடில் ஏற ஆசைப்பட்டால் ஊழியரிடம் 'சைல்டு ஸ்விட்ச்' என்று கேளுங்கள். ஒருவர் ஏறி இறங்கும்வரை மற்றவர் பிள்ளையுடன் இருந்து, பிறகு மறுபடி வரிசை நிற்காமல் ஏறலாம். இதை எந்தப் பேக்கேஜ்காரரும் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. சொன்னால் எக்ஸ்பிரஸ் விற்காது.

எக்ஸ்பிரஸ் வாங்கத்தான் வேண்டும் என்ற நிலை ஒன்று உண்டு. சனி, ஞாயிறில்தான் போக முடியும் என்றாலோ, சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறையில் மாட்டிக்கொண்டாலோ கணவருக்கும் மகனுக்கும் மட்டும் வாங்கலாம். அவர்களின் ஜூன் விடுமுறை மே கடைசியிலேயே தொடங்கிவிடும். மே முதல் வாரமோ சீனாவில் தொழிலாளர் தின விடுமுறை, அந்தக் கூட்டமும் அங்கே வந்து இறங்கும். நடுவில் மே இரண்டாம், மூன்றாம் வாரம் இருக்கிறது. நம் ஊரில் விடுமுறை, அங்கே பள்ளி நடக்கும். அந்த வாரங்களில் அங்கே பொது விடுமுறையான விசாக தினம் வந்தால் அதை மட்டும் தவிர்த்து, ஒரு செவ்வாயோ புதனோ போங்கள். பூங்கா திறந்திருக்கும் நேரத்தை அவர்களின் சொந்த இணையதளத்தில் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். டிக்கெட் தேதி குறித்துத்தான் வரும். வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பும் கியூஆர் படத்தை நம்பி வாசலுக்குப் போகாதீர்கள். ஒரு முறை ஸ்கேன் ஆகிவிட்ட சீட்டு மறுபடி செல்லாது. அதே படத்தை வேறு யாருக்கு அனுப்பினார்கள் என்பது வாசலில்தான் தெரியவரும்.

ஒரு நாள் போதுமா என்றால், தாராளமாகப் போதும். மொத்தப் பூங்காவே 20 ஹெக்டேர், நம் கணக்கில் 50 ஏக்கருக்குள் அடக்கம். நடுவில் ஏரி, அதைச் சுற்றிப் பகுதிகள். உள்ளே நுழைந்ததும் ஒரு பக்கம் மினியன் லேண்ட் வரும். 2025 பிப்ரவரியில் திறந்த புதுப் பகுதி அது, அதனால் வரிசை அங்கேதான் முதலில் நீளும். திறப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பே வாசலில் நில்லுங்கள். திறந்தவுடன் நீங்களும் மகளும் மினியன் பக்கம், கணவரும் மகனும் பேட்டில்ஸ்டார் இருக்கும் சை-ஃபை சிட்டி பக்கம் என்று பிரிந்துபோய், மதியச் சாப்பாட்டுக்கு ஒன்று சேருங்கள். மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் பூங்காவுக்குப் போவதுபோல் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போக முடியாது, வெளிச் சாப்பாட்டை அனுமதிக்க மாட்டார்கள். கையில் முத்திரை குத்திக்கொண்டு வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு அன்றே திரும்ப உள்ளே வரலாம். காலி பாட்டில் கொண்டுபோங்கள், சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். சிங்கப்பூர் பூமத்திய ரேகையை ஒட்டிய ஊர். வெயில் இருக்கும்போதே மழையும் வரும். இடி மின்னல் என்றால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், மழை விட்டதும் ஓட்டுவார்கள்.

மாமியார் ரைடு ஏறாவிட்டாலும் உள்ளே வரச் சீட்டு வேண்டும். ஆனால் 60 வயதுக்கு மேல் முதியோர் கட்டணம், பெரியவர் கட்டணத்தைவிடக் கணிசமாகக் குறைவு. 4 முதல் 12 வயதுவரை குழந்தைக் கட்டணம். பூங்காவுக்குள் நுழையும் நாளில் என்ன வயதோ அதுதான் கணக்கு, ஆகவே உங்கள் மகன் அந்த மே மாதத்தில் 13-ஐத் தொட்டுவிடுகிறானா என்று பிறந்த தேதியை ஒரு முறை பாருங்கள். ஏஜென்ட்டின் விலைப்பட்டியலில் மாமியாரைப் 'பெரியவர்' என்று போட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள். பல பட்டியல்களில் அப்படித்தான் இருக்கிறது, அதை எழுத்துப்பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முட்டி வலிக்கு, உள்ளேயே சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். கூச்சப்படாமல் எடுங்கள். தண்ணீரில் நடக்கும் வாட்டர்வேர்ல்ட் சாகசக் காட்சியின் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொண்டு, முன்வரிசையை விட்டுச் சற்று மேலே உட்கார வையுங்கள். முன்னால் உட்கார்ந்தால் தண்ணீர் வந்து அடிக்கும்.

தங்குவது ரிசார்ட்டுக்குள் வேண்டாம். அங்கே தங்கினால் பூங்கா நுழைவு சும்மா கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அறை வாடகைதான் கூடும். லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையை ஒட்டித் தங்குங்கள். காலையில் இட்லி கிடைக்கும், மாமியாருக்குத் தமிழிலேயே வழி சொல்வார்கள். லிட்டில் இந்தியா ரயில் நிலையத்திலிருந்து ஊதா நிற வழித்தடத்தில் ஏறினால் வண்டி மாறாமல் ஹார்பர்ஃப்ரண்ட். அது கடைசி நிலையம். அதற்கு மேலே உள்ள விவோசிட்டி கடைத்தொகுதியின் மூன்றாம் தளத்தில், பூங்கா இருக்கும் செந்தோசா தீவுக்குப் போகும் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறலாம். ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), திரும்பி வர இலவசம். நடைபாலம் வழியாக நடந்தால் அதுவும் இல்லை. 'தீவுப் போக்குவரத்து' என்று பேக்கேஜில் ஒரு வரி இருந்தால் இதைத்தான் உங்களிடம் விற்கிறார்கள்.

இனி அந்த 1,500 ரூபாய். ஐந்து பேருக்கு 7,500 ரூபாய். அரைவல் கார்டு முற்றிலும் இலவசம். சிங்கப்பூரின் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் இணையதளத்திலோ அதன் செயலியிலோ நீங்களே நிரப்ப வேண்டிய படிவம் அது. பெயர், பாஸ்போர்ட் எண், விமான எண், தங்கும் முகவரி, உடல்நலம் பற்றிச் சில கேள்விகள், அவ்வளவுதான். குடும்பத்துக்கே சேர்த்து ஒரே மூச்சில் நிரப்பலாம். குழந்தைகளுக்கும் வேண்டும். இறங்கும் நாளையும் சேர்த்துக் கடைசி மூன்று நாட்களுக்குள்தான் நிரப்ப முடியும். ஆகவே இன்றைக்கே "போட்டுத் தருகிறேன்" என்று காசு வாங்குகிறவர், செய்யாத வேலைக்கு வாங்குகிறார். கூகுளில் தேடினால் அரசு தளம்போலவே தோற்றம் காட்டிக் கார்டு எண் கேட்கும் தளங்களும் வரும். தளத்தின் பெயர் ஜிஓவி.எஸ்ஜி (gov.sg) என்று முடிகிறதா என்று பாருங்கள். பணம் கேட்டால் உடனே மூடிவிடுங்கள்.

விசா விஷயம் எனக்கே எரிச்சல் தருவது. இலவசக் கார்டை நாமே நிரப்பலாம், ஆனால் காசு கட்டும் விசாவுக்கு நாமே நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. சிங்கப்பூரில் நமக்காக விண்ணப்பிக்க யாரும் இல்லையென்றால், சிங்கப்பூர்த் தூதரகம் அங்கீகரித்த முகவர் வழியாகத்தான் போக வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த மனிதரை இன்னொருவர் கதவில் நிற்கவைக்கும் இந்த ஏற்பாட்டில்தான் எல்லாத் தரகும் முளைக்கிறது. உங்கள் ஊர்க் கடைக்காரர் பெரும்பாலும் அந்த முகவருக்கும் கீழே இன்னொரு கை. விண்ணப்பக் கட்டணம் ஆளுக்கு 30 சிங்கப்பூர் வெள்ளி. அதற்கு மேல் வாங்குவதெல்லாம் சேவைக் கட்டணம், எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். சென்னைத் துணைத் தூதரகத்தின் இணையதளத்தில் முகவர் பட்டியல் இருக்கிறது, அதில் உள்ளவரையே பிடியுங்கள். வருவது மின்விசா, பாஸ்போர்ட்டில் ஒட்டுவதில்லை. ஆகவே பாஸ்போர்ட்டுகளை வாரக்கணக்கில் கடையில் வைத்திருக்க வேண்டியதில்லை. 'கேரண்டி விசா' என்று ஒன்று கிடையவே கிடையாது. மறுத்தால் கட்டிய கட்டணமும் திரும்பாது. "96 மணி நேரத்துக்கு விசாவே வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது சில நாடுகளின் விசா கையில் இருந்து, சிங்கப்பூர் வழியாக மூன்றாவது நாட்டுக்குப் போகிறவர்களுக்கு. கோவையிலிருந்து நேரே போய்க் கோவைக்கே திரும்பும் உங்களுக்கு அது பொருந்தாது.

அதற்கும் முன்னால் மகனின் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். சிறுவர் பாஸ்போர்ட் 5 ஆண்டுதான் செல்லும். ஏழு வயதில் எடுத்தது இப்போது முடிந்திருக்கும், அல்லது முடியப்போகிறது. பயண நாளில் குறைந்தது ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும். அதைப் புதுப்பிக்கவும், பாஸ்போர்ட் இல்லாத மற்றவர்களுக்குப் புதிதாக எடுக்கவும் இன்றே விண்ணப்பியுங்கள். இன்ஷியல் குழப்பம் வேண்டாம், பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே விமான டிக்கெட்டிலும் இருக்கட்டும். கோவையிலிருந்தே சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டு. மலிவு விமானம் என்றால் பெட்டிக்கும் சாப்பாட்டுக்கும் தனிக் காசு என்பதைச் சேர்த்தே விலையை ஒப்பிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பேக்கேஜ்தான் வசதி என்று தோன்றினால், பில் இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். வெளிநாட்டுச் சுற்றுலாப் பேக்கேஜுக்கு டி.சி.எஸ். என்று, விற்பவரே உங்களிடம் வாங்கி அரசுக்குக் கட்ட வேண்டிய வரி ஒன்றைப் பிடிப்பார்கள். யார் பான் எண்ணில் பிடித்தார்களோ அவர்கள் பெயரில் வரித்துறை வைத்திருக்கும் வரிப் பதிவில் அது ஏற வேண்டும். ஏறினால்தான் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளவோ திரும்பப் பெறவோ முடியும். பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்ட கடைகளை நான் பார்த்திருக்கிறேன். வருமானமே இல்லாத இல்லத்தரசியின் பான் எண்ணைக் கொடுத்தால், அந்தப் பணத்தை மீட்கவே அவர் ஒரு கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். யாருக்கு நன்மை என்று இப்படி வைத்திருக்கிறார்களோ தெரியவில்லை. உங்கள் கணவர் கணக்குத் தாக்கல் செய்பவர் என்றால் அவர் எண்ணையே கொடுங்கள்.

பெட்டி கட்டும்போது மாமியார் கட்டாயம் வீட்டு மசாலா எடுத்து வைப்பார். கசகசா மட்டும் கூடாது. சிங்கப்பூரில் அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. சூயிங்கம்மும் வேண்டாம். அவர் தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதற்கு முன் அனுமதி தேவைப்படலாம், மற்ற மாத்திரைகளுக்கு மருத்துவர் சீட்டைக் கூடவே வையுங்கள். மசாலா அரைத்த பொடியாகவே இருந்தாலும், அதில் கசகசா சேர்த்து அரைத்திருக்கிறாரா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.