கிரீம் சீஸ் கிடைக்கவில்லையா? கேளுங்கள், சொல்கிறேன்

காரைக்குடியில் வீட்டிலேயே கேக் செய்து கொடுக்கிறேன். கிரீம் சீஸ், மஸ்கார்போனே (கிரீமில் செய்யும் இத்தாலிய மென்சீஸ்) வகையறாவுக்கு மாற்று கேட்டு வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். பனீர் பட்டர் மசாலா கேட்டவர்களுக்கு இன்னொரு நாள்.

தேவகோட்டை: ஆச்சி, சீஸ்கேக் குறிப்பில் 400 கிராம் கிரீம் சீஸ் போட்டிருக்கு. இங்கே கிடைக்கல. கட்டித் தயிர் மட்டும் போட்டா வருமா?

வரும், ஆனால் சீஸ்கேக்காக வராது. கிரீம் சீஸில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. வாயில் வழுவழுவென்று இறங்குவது அதனால்தான். வடித்த தயிரில் கொழுப்பு குறைவு, தண்ணீரும் புளிப்பும் அதிகம். ஓவனில் சூடு ஏறினால் தயிர் திரிந்து, அடியில் தண்ணீர் விட்டு, பிஸ்கட் அடித்தளம் ஊறிப்போகும். 200 கிராம் பனீர், 150 கிராம் வடித்த தயிர், 50 கிராம் உப்பில்லாத வெண்ணெய் எடுங்கள். பனீர் புதிதாக, மெத்தென்று இருக்கட்டும்; மிக்சியில் மணல் போன்ற நெருடல் போகும்வரை அரைக்க வேண்டும். அவசரப்பட்டால் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும். ஒரு மேசைக்கரண்டி சோளமாவு சேர்த்தால் தயிர் திரியாமல் பிடித்துக்கொள்ளும். 150 டிகிரிக்கு மேல் போகாதீர்கள். தட்டை ஆட்டினால் நடுப்பகுதி லேசாகக் குலுங்கும்போதே அணைத்து, கதவைச் சற்றுத் திறந்து உள்ளேயே ஆறவிடுங்கள்.

தயிர் மூட்டையைக் குழாயில் தொங்கவிடாதீர்கள். நம் ஊர் வெயிலுக்கு நாலு மணி நேரத்தில் புளித்துவிடும். வடிகட்டியில் வைத்து, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வடியட்டும்.

பள்ளத்தூர்: கடையில் விற்கும் சீஸ் ஸ்ப்ரெட்டைக் கேக்கில் போடலாமா?

கூடாது. உப்பு. வெள்ளை சாஸுக்குப் போடுங்கள். அதில் இருக்கும் பால்மமாக்கும் உப்புகளால் பிரியாமல் உருகும். அப்போதும் தனியாக உப்புப் போடுவதற்கு முன் ருசி பாருங்கள்.

புதுவயல்: திராமிசு என்கிற இத்தாலிய இனிப்புக்கு மஸ்கார்போனே வீட்டில் செய்ய முடியுமா, அக்கா?

சுலபம். அது கிரீமைச் சூடாக்கிப் புளிப்புச் சேர்த்து வடிப்பதுதான். அரை லிட்டர் கிரீமை 85 டிகிரி வரை, அதாவது கொதிக்கும் முன், சூடாக்கி ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விடுங்கள். மெல்லிய தீயில் ஐந்து நிமிடம் கிளறினால் கரண்டியின் பின்பக்கம் படியும் அளவுக்குக் கெட்டியாகும். ஆறியதும் துணியில் கட்டி, மறுபடியும் சொல்கிறேன், ஃபிரிட்ஜில் ராத்திரி வையுங்கள். 25 சதவீதக் கொழுப்புள்ள பாக்கெட் கிரீமில் தளர்வாகத்தான் வரும். 35 சதவீதமாவது வேண்டும்.

ஆத்தங்குடி: லசான்யாவுக்கு ரிக்கோட்டா?

ரிக்கோட்டா ஈரமான, மெத்தென்ற சீஸ்தான். பனீரை உதிர்த்து, கொஞ்சம் பால் விட்டுப் பிசையுங்கள். போதும்.

கோட்டையூர்: தயிரை வடிச்சு கிரீம் சீஸுக்குப் பதிலா...

தேவகோட்டைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

காரைக்குடி: குழந்தைக்குப் பால் ஒவ்வாமை. முந்திரிச் சீஸ் கொடுக்கலாமா?

முந்திரியும் சிலருக்கு ஒவ்வாது. டாக்டரைக் கேளுங்கள், என்னை அல்ல.

கானாடுகாத்தான்: பால் பணியாரத்துக்குத் தேங்காய்ப்பால் பிழிய நேரமில்லை. கிரீம் சீஸைச் சூடான பாலில் கரைத்து ஊற்றினேன். பிரமாதம்!

இதற்கு நான் பதில் எழுதுவதற்குள் ஏழெட்டுப் பேர் குதித்துவிட்டார்கள். “அப்பத்தா இருந்திருந்தால் அடுப்படியை விட்டே துரத்தியிருப்பாங்க” என்று ஒருவர். “கவுனி அரிசியில் ஐஸ்கிரீம் போடறாங்க, அதை யாரு கேட்டா?” என்று இன்னொருவர். சரி, அப்பத்தாக்களை விடுங்கள், சட்டியைப் பார்ப்போம். பச்சரிசியும் உளுந்தும் சமமாக ஊறவைத்து, நைசாக அரைத்து, சின்னச் சின்ன உருண்டையாக எண்ணெயில் போட்டெடுக்கிறோம். அந்த உருண்டை உள்வரை ஊறுவதற்குத் திரவம் இளகலாக இருக்க வேண்டும். கிரீம் சீஸ் கரைசல் கெட்டி. மேலே பூசிக்கொண்டு நிற்கும், உள்ளே போகாது. ஒன்றைப் பிட்டுப் பாருங்கள், நடுவில் வெள்ளையாக, காய்ந்து இருக்கும். போதாததற்குக் கிரீம் சீஸில் உப்பும் புளிப்பும் உண்டு, ஏலக்காயோடு சண்டை போடும்.

“ஆனா தேங்காய்ப்பாலும் திரியுதே ஆச்சி” என்று அவரே திரும்பக் கேட்டார். கொதிக்கவிட்டால் திரியும். அடுப்பை அணைத்தபிறகு முதல் பாலைச் சேருங்கள். நேரமில்லை என்றால் டப்பாத் தேங்காய்ப்பாலை வெதுவெதுப்பான தண்ணீரில் இளக்கிக்கொள்ளுங்கள்; எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. கவுனி அரிசிக்காரருக்கு: ஐஸ்கிரீம் வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள், அதை யாரும் ஊறவைப்பதில்லை.

செட்டிநாடு: கேக் மேலே பூச, வடித்த தயிரில் ஐசிங் சுகர்...

தண்ணீராக ஓடும். சர்க்கரை தயிரிலிருந்து நீரை இழுத்துவிடும். மைதாவையும் பாலையும் கெட்டியாகக் காய்ச்சி, நன்றாக ஆறவைத்து, சர்க்கரை சேர்த்து அடித்த வெண்ணெயில் கலந்து, கடைசியில் சில சொட்டு எலுமிச்சை விடுங்கள். சித்திரை வெயிலில் இதையும் வெளியே வைக்காதீர்கள்.

தேவகோட்டை, வேறொருவர்: தயிரைக் குழாயில் கட்டித் தொங்கவிட்டா...

இல்லை. ஃபிரிட்ஜ். ஃபிரிட்ஜ்.

கானாடுகாத்தான், மறுபடி: சரி ஆச்சி, தேங்காய்ப்பாலே ஊத்துறேன். மிச்சக் கிரீம் சீஸை ஃபிரீசரில் வைக்கலாமா?

வைக்கலாம். உருகியபின் பொலபொலவென்று இருக்கும். ரொட்டியில் தடவ நன்றாக இராது, அடித்துக் கேக் மாவில் சேர்த்துவிடுங்கள்.