சம்பளம் இரண்டு மடங்கு, வீட்டுக்கு வருவது எவ்வளவு?

கேள்வி: எனக்கு வயது 39. மன்னார்குடியில் ஒரு அரிசி ஆலையில் 9 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் 19,000 ரூபாய், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போகக் கைக்கு 17,500. மனைவி வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறாள். மாதம் 6,000 வரும். சொந்த வீடு. ஒரு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருப்பதால் சாப்பாட்டுக்கு நெல் வந்துவிடும். மகள் 8-ம் வகுப்பு, மகன் 3-ம் வகுப்பு, இருவரும் அரசுப் பள்ளி. வீடு ரிப்பேருக்கு வாங்கிய கடனுக்கு மாதம் 3,000 கட்டுகிறேன், சீட்டு 2,000. அம்மாவுக்கு 68 வயது, பிபி மாத்திரை சாப்பிடுகிறார். ஊரை விட்டு வரமாட்டேன் என்கிறார். இப்போது சென்னை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. மாதம் 40,000 சி.டி.சி. ஆகஸ்டில் சேரச் சொல்கிறார்கள். "போனால் எல்லோரும் சேர்ந்து போவோம், இல்லாவிட்டால் வேண்டாம்" என்கிறாள் மனைவி. இந்தச் சம்பளத்தில் சென்னையில் குடும்பம் நடத்த முடியுமா?

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கணக்கு எழுதுகிறவர் என்பதால் எண்களை ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர்கள், நன்றி. ஆனால் 19,000-ஐயும் 40,000-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். அந்த இரண்டும் ஒரே மாதிரியான எண்கள் இல்லை.

முதலில் அந்த 40,000. சி.டி.சி. என்றால் உங்களுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. கம்பெனி தன் பங்காகக் கட்டும் பி.எஃப்., பணிக்கொடைக்காக (கிராஜுவிட்டி) ஒதுக்குவது எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். அடிப்படைச் சம்பளம் 20,000 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி பங்கு பி.எஃப். 12 சதவீதம், அதாவது 2,400. பணிக்கொடைக்கு 960 சொச்சம். அப்புறம் உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 2,400. அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரி 1,250 பிடிப்பார்கள். வருமான வரி உங்களுக்கு வராது. எல்லாம் போகக் கைக்கு வருவது 34,000-க்கும் 35,000-க்கும் நடுவில் நிற்கும். 34,500 என்று வைத்துக்கொள்கிறேன். சேரும் முன்பே "கைக்கு எவ்வளவு வரும், பிரித்து எழுதிக் கொடுங்கள்" என்று கம்பெனியில் கேளுங்கள். இதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

இனி மன்னார்குடிப் பக்கம். கைக்கு 17,500, மனைவி சம்பாதிப்பது 6,000, ஆக 23,500. வாடகை இல்லை, அரிசி வாங்குவதில்லை. காய்ச்சல் என்றால் இ.எஸ்.ஐ. இருக்கிறது. இதையெல்லாம் காசாக நினைத்துப் பாருங்கள். 30,000 ரூபாய்க் குடும்பம் ஒன்றைத்தான் நீங்கள் ஊரில் நடத்திக்கொண்டிருக்கிறீர்கள். ஆக, தாண்டப்போவது 19,000-லிருந்து 40,000-க்கு இல்லை, ஏறக்குறைய 30,000-லிருந்து 34,500-க்கு. அதிலும் வாடகை, அரிசி, ஆஸ்பத்திரி மூன்றும் புதிதாக உங்கள் தலையில் ஏறும்.

சென்னையில் செலவு எப்படி ஆகும் என்று போட்டுப் பார்த்தேன். அம்பத்தூரிலேயே வீடு பார்க்காமல் ஆவடிப் பக்கம் போனால், படுக்கையறை ஒன்று உள்ள சுமாரான வீட்டுக்குத் தண்ணீர், பராமரிப்பு சேர்த்து 9,500 வைக்கலாம். கரண்ட், கேஸ், போன் 2,200. மளிகை, பால், காய்கறி, ஞாயிற்றுக்கிழமை கறி எல்லாம் சேர்த்து, ஊரிலிருந்து அரிசி மூட்டை வந்தால்கூட, 11,500-க்குக் குறையாது. பிள்ளைகளுக்கு 2,000. நீங்கள் வேலைக்குப் போய்வர 600. அம்மாவுக்கு ஊரில் 4,000. கடனுக்கு 3,000. மருத்துவக் காப்பீட்டுக்கு மாதக் கணக்கில் 1,500. தீபாவளி, பொங்கல், விசேஷம் என்று நான்கு பேர் ஊர் போய்வர மாதத்துக்கு 1,500 ஒதுக்க வேண்டும். கூட்டினால் 35,800. வருவதைவிட 1,300 அதிகம். சீட்டு கட்டவில்லை, மொய் வைக்கவில்லை, ஒரு செருப்புக்கூட வாங்கவில்லை.

எனவே என் பதில் இதுதான்: உங்கள் மனைவியின் தையல் வருமானம் இல்லாமல் இந்தச் சம்பளத்தில் சென்னையில் குடும்பம் ஓடாது. அந்த 6,000 பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோகிற சாமான் இல்லை. ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வரும் தெருப் பெண்கள், அளவு கை தவறாது என்று ஊரில் இருக்கும் நம்பிக்கை, தீபாவளிக்கு முன் இரவு பகலாக வரும் துணி, எல்லாம் சேர்ந்துதான் அந்த வருமானம். புது ஊரில் அது திரும்ப முளைக்க ஒரு வருடமாவது ஆகும். கடிதத்தில் அதை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். உங்கள் வீட்டு வரவில் கால் பங்கு அது, தம்பி.

அப்படியானால் வேலையை விட்டுவிடுவதா என்றால், கூடாது. 39 வயதில் ஆலைக் கணக்கிலிருந்து ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவுக்குப் போகும் வாய்ப்பு அடிக்கடி வராது. ஆகஸ்டில் நீங்கள் மட்டும் போய்ச் சேருங்கள், வருகிற ஜூனில் குடும்பம் வரட்டும் என்பதே என் யோசனை.

தனியாக இருக்கும்போது தொழிற்பேட்டைப் பக்கம் அறையைப் பகிர்ந்துகொண்டால் 4,000, மெஸ் சாப்பாடு 4,500, மாதம் இரண்டு முறை ஊர் போய்வர, கைச்செலவுக்கு 2,000 என்று 10,500-ல் முடிக்கலாம். மீதி 24,000 வீட்டுக்கு. அதோடு மனைவியின் 6,000. வீட்டில் இப்போது கடன் தவணை உட்பட ஆகும் 21,500 ரூபாய்ச் செலவு, உங்கள் சாப்பாடும் பெட்ரோலும் இல்லாமல் 19,000-க்கு வரும். சீட்டும் கட்டிவிட்டு மாதம் 9,000 மிஞ்சும். பத்து மாதத்தில் 90,000.

பிரிந்திருப்பது லேசு என்று நான் சொல்லவில்லை. 1996-ல் நாங்கள் கும்பகோணத்திலிருந்து சென்னைக்குக் குடும்பத்தோடு ஒரே நாளில் வந்து இறங்கியவர்கள். என் கணவர் 22-ம் தேதி வேலையில் சேர்ந்தார். 20-ம் தேதிக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அந்த மாதச் சம்பளம் அடுத்த மாதத்தோடுதான் என்று அந்தக் கம்பெனியில் அப்புறம்தான் சொன்னார்கள். நாற்பது நாள் சம்பளம் இல்லை. கைக்குழந்தையோடு அடகுக் கடை வாசலில் நின்று என் அம்மா போட்ட வளையலைக் கழற்றிக் கொடுத்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. சேர்ந்து வந்தோம் என்ற சந்தோஷத்தை அந்த முதல் மூன்று மாதம் தின்றுவிட்டது. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். சம்பளக் கணக்கை எந்தத் தேதியில் முடிக்கிறார்கள் என்று நீங்களும் கேட்டு வையுங்கள், முடிந்தால் மாதம் பிறந்ததும் சேருங்கள். எழும்பூருக்கும் மன்னார்குடிக்கும் மன்னை எக்ஸ்பிரஸ் ராத்திரியில் ஓடுவது உங்களுக்குப் பெரிய வசதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் பிள்ளைகளோடு இருந்துவிட்டுத் திரும்பலாம்.

ஜூன் என்று நான் சொல்வதற்கு உங்கள் மகளும் ஒரு காரணம். அவள் 9-ம் வகுப்புக்குப் புதுப் பள்ளியில் சேர்ந்தால், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன் இரண்டு முழு வருடம் கிடைக்கும். அந்த ஜூனைத் தவறவிட்டால் அவள் பத்தாவது முடிக்கும்வரை நகர்த்தாதீர்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று. சென்னைக்கு வந்ததும் அக்கம்பக்கம் பார்த்து, "இங்கே எல்லோரும் மெட்ரிக்கில்தான் சேர்க்கிறார்கள்" என்று அவளைத் தனியார் பள்ளியில் போட்டுவிடாதீர்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. அப்படிப் பொறியியல் சேரும் பிள்ளைகளின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். நடுவில் தனியார் பள்ளிக்கு மாறினால் இந்த உரிமை எல்லாம் கையை விட்டுப் போகும். கடன் வாங்கிப் பீஸ் கட்டி, மகளுக்கு இருக்கும் வழியை நாமே அடைப்பது போலாகிவிடும். ஆவடி, அம்பத்தூர் பக்கம் அரசு மேல்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன. முதலில் பள்ளியைப் பாருங்கள். தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள், மாற்றுச் சான்றிதழும், பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எமிஸ் எண்ணும் கையில் இருந்தால் போதும். பள்ளி முடிவான பிறகு அதற்கு நடந்து போகிற தூரத்தில் வீடு தேடுங்கள்.

அந்த வீடு உங்கள் மனைவிக்குக் கடையும் கூட. மாடியில் மூலையில் இருக்கும் வீடு 500 ரூபாய் குறைவு என்று எடுத்துவிட்டால் அவரிடம் துணி கொடுக்க யாரும் படியேறி வரமாட்டார்கள். தெருவைப் பார்த்த கீழ் வீடாக இருக்கட்டும். தையல் மெஷின் போட்டுக்கொள்வோம் என்று வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கரண்ட் மீட்டர் உங்கள் போர்ஷனுக்குத் தனி இணைப்பா, இல்லை வீட்டுக்காரர் வைத்த உள் மீட்டரா என்று கேளுங்கள். தனி இணைப்பாக இருந்தால்தான் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்கள் கைக்கு வரும். கீழ் வீடு என்பதால் இன்னொன்று: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்தத் தெருவில் தண்ணீர் எங்கே வரை ஏறியது என்று எதிர் வீட்டில் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். அட்வான்ஸ் பத்து மாத வாடகை என்று கேட்பது சென்னையில் பழைய வழக்கம். 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், இருவரும் வேறுவிதமாக ஒத்துக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. இதை மரியாதையாக எடுத்துச் சொல்லிப் பேரம் பேசுங்கள்.

வேலைக்குப் போய்வர ரயில் போதும். ஆவடியிலிருந்து அம்பத்தூருக்கு அடுத்த நிறுத்தம் பட்டரவாக்கம், தொழிற்பேட்டையை ஒட்டியே இருக்கிறது. சீசன் டிக்கெட்டுக்கு மாதம் 200 ரூபாய்கூட ஆகாது. வண்டியில் போனால் பெட்ரோல் இதைப் போலப் பல மடங்கு கேட்கும்.

ஆஸ்பத்திரி விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். இ.எஸ்.ஐ. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர்களுக்குத்தான். புது வேலையில் உங்களுக்கு அது கிடையாது. கம்பெனி குழுக் காப்பீடு தருகிறதா, மனைவி பிள்ளைகளும் அதில் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் முதல் சம்பளத்திலேயே நான்கு பேருக்கும் சேர்த்துக் குடும்பக் காப்பீடு எடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. அம்மா ஊரிலேயே இருப்பது இப்போதைக்குத் தப்பில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி மாத்திரை வீடு தேடியே வரும், இதுவரை பதிவு செய்யவில்லை என்றால் நீங்கள் கிளம்பும் முன் செய்துவிடுங்கள். குடும்பம் சென்னைக்கு வந்த பிறகு ராத்திரி அவருக்குத் துணை யார் என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. அதற்கு இந்தப் பத்து மாதத்துக்குள் உறவிலோ தெருவிலோ ஒருவரைப் பேசி வையுங்கள். என் கணக்கில் போட்ட 4,000-ல் அவருக்குக் கொடுப்பதற்கு இடமில்லை, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நீங்கள் கடிதத்தில் எழுதாத ஒரு பணம். ஒரே இடத்தில் 9 வருடம் வேலை செய்திருக்கிறீர்கள். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் 5 வருடம் தொடர்ந்து இருந்தவர் விலகும்போது பணிக்கொடை தர வேண்டும் என்பது சட்டம். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்க வேண்டும். உங்களுக்கு அந்தத் தொகை 12,000 என்றால் 62,000 ரூபாய்க்கு மேல் வரும். விலகிய 30 நாளுக்குள் எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். பி.எஃப். பணத்தை எடுத்துவிடாமல் அதே யு.ஏ.என். எண்ணில் (வேலை மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்) புதுக் கம்பெனிக்கு மாற்றுங்கள்.

ஆவடி வீட்டுக்குத் தண்ணீர், பராமரிப்பு போக வாடகை மட்டும் 9,000 என்று வைத்தால், மூன்று மாத அட்வான்ஸ் 27,000, முதல் வாடகை 9,000, புரோக்கருக்கு 9,000, சாமான் ஏற்றி வர லாரிக்குச் சுமார் 15,000. மொத்தம் 60,000. பணிக்கொடை இதற்குச் சரியாகப் போய்விடும். பத்து மாதம் சேர்த்த 90,000 தொடாமல் இருக்கும். தையல் வருமானம் திரும்பி வரும்வரை மாதம் குறையும் 1,300-ஐயும், சீட்டையும், திடீர்ச் செலவையும் அதிலிருந்து பார்த்துக்கொண்டால் ஒரு வருடத்துக்குமேல் தாங்கும்.

இந்தக் கடிதத்தை உங்கள் மனைவியிடமும் படிக்கக் கொடுங்கள். சேர்ந்து போவோம் என்று அவர் சொன்னதில் தவறே இல்லை, பத்து மாதம் பொறுத்துச் சேர்ந்து போகச் சொல்கிறேன். சென்னையில் எந்தத் தெருவில் கடை போட்டால் துணி வரும் என்பது நம்மைவிட அவருக்குத்தான் தெரியும். தை மாதம் பொங்கல் முடிந்ததும் ஒரு முறை அவரை அழைத்துக்கொண்டு வந்து ஆவடியைச் சுற்றிக் காட்டுங்கள்.